'பேங்க்'னு போர்டு இருந்தா போதுமா? உங்க அப்பாவோட டெபாசிட்டுக்கு யார் காவல்?

உங்களுக்கு வேலை சென்னையில. அப்பா, அம்மா திண்டிவனம் பக்கத்துல. நெல் வித்த பணம், ரிட்டயர்மென்ட் பணம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை கையில இருக்கு. "ஊர்ல இருக்குற கூட்டுறவு பேங்க்லயே போட்டுடட்டுமா?"ன்னு அப்பா போன் பண்ணிக் கேட்டா என்ன சொல்வீங்க? பதில் சொல்றதுக்கு முன்னாடி, அந்த 'பேங்க்' எந்த வகைன்னு தெரியணும்.

மூன்று போர்டு, மூன்று காவல்

அரசு, தனியார் வணிக வங்கிகளை ரிசர்வ் வங்கி நேரடியாகக் கண்காணிக்கிறது. இது எளிது.

விழுப்புரம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி போன்றவற்றுக்கு இரட்டைக் கட்டுப்பாடு. பதிவும் நிர்வாகத் தேர்தலும் மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ். வங்கி உரிமம் ரிசர்வ் வங்கியிடம். ஆய்வு செய்வது நபார்டு. 2019இல் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி, போலிக் கணக்குகள் மூலம் ஒரே கட்டுமானக் குழுமத்தின் கடன்களை மறைத்தது அம்பலமானது. அதன்பின் 2020இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கியின் பிடி இறுகியது.

மூன்றாவது, தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம். நகைக்கடன், பயிர்க்கடன் என்று ஊரே நம்பியிருக்கும் இடம். பேச்சுவழக்கில் நாம் இதையும் 'பேங்க்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் சட்டப்படி இது வங்கி அல்ல. பெயரில் 'வங்கி' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. இதைப் பார்ப்பது மாநிலக் கூட்டுறவுத் துறை.

இதனால என்ன வித்தியாசம்?

வங்கி மூழ்கினால் டெபாசிட்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு தருவது, ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசி. 2020 பிப்ரவரி வரை இது ரூ.1 லட்சம்தான். வணிக வங்கி, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றுக்கு இது உண்டு. கடன் சங்கத்துக்கு, நிதி நிறுவனங்களுக்கு, 'நிதி லிமிடெட்' கம்பெனிகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

இன்னொரு விஷயம்: 5 லட்சம் என்பது ஒரு வங்கிக்கு, ஒரு நபருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் விழுப்புரம் கிளையில 4 லட்சம், திண்டிவனம் கிளையில 4 லட்சம்னு பிரிச்சுப் போட்டாலும் கணக்கு ஒண்ணுதான். காப்பீடு 5 லட்சத்தோட நின்னுடும். வேற வேற வங்கின்னா தனித்தனி.

காவல் இருந்தா என்ன நடக்கும்?

1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, வாராக்கடனில் சிக்கியது. 2020 நவம்பர் 17 அன்று, ரூ.25,000க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்கள் பணம் தப்பியது. பங்குதாரர்களின் முதலீடு பூஜ்யமானது. பிஎம்சி வாடிக்கையாளர்களுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை; வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால்தான் 2021இல், பணம் எடுக்கத் தடை விதித்தால் 90 நாளில் காப்பீட்டுத் தொகை கிடைக்க வேண்டும் என்று சட்டம் மாறியது.

ஐரோப்பாவில்?

அங்கேயும் இதே சிக்கல்தான். 2014 நவம்பரிலிருந்து யூரோ நாடுகளின் பெரிய வங்கிகளை ஐரோப்பிய மத்திய வங்கி நேரடியாகப் பார்க்கிறது. சிறிய வங்கிகள் அந்தந்த நாட்டு அமைப்புகளிடம். காப்பீடு 1 லட்சம் யூரோ. 2013இல் சைப்ரஸில், அந்த வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்களின் பணத்தில் கணிசமான பகுதி பறிபோனது. வரம்பு எவ்வளவுன்னு தெரிஞ்சு வைக்கிறது எவ்வளவு முக்கியம்னு அவங்களுக்கு அப்போதான் புரிஞ்சது.

அப்போ அப்பாகிட்ட என்ன சொல்றது?

கடன் சங்கத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. அவசரத்துக்கு நகைக்கடன் தரும் இடம் அது. ஆனால் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைப்பது வேறு. டிஐசிஜிசி இணையதளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தேடிப் பாருங்க. பணம் 5 லட்சத்தைத் தாண்டினால் இரண்டு வங்கிகளில் பிரிச்சு வைங்க. கவுன்ட்டர்ல கேட்க வேண்டிய கேள்வி, "வட்டி எவ்வளவு?" மட்டும் இல்ல, "இங்க டிஐசிஜிசி காப்பீடு உண்டா?" என்பதும்தான்.