முதல் சீட்டுக்கு முன்னே பேசப்பட்டவை

2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இணை பிரிட்ஜில் தங்கம் வென்றது. செய்திகளில் அதிகம் பேசப்பட்டது பர்தனின் வயது 60 என்பதுதான். கூடவே ஒரு கேலியும் எழுந்தது: சீட்டாட்டத்துக்குப் பதக்கமா?

சீட்டு என்றால் அதிர்ஷ்டம் என்ற எண்ணமே அக்கேலியின் வேர். 1968-இல் ரம்மியைத் திறன் சார்ந்த ஆட்டம் என ஏற்ற உச்ச நீதிமன்றம், அதிலுள்ள தற்செயலைப் பிரிட்ஜில் சீட்டுப் பங்கீட்டில் உள்ள தற்செயலோடு ஒப்பிட்டது. பிரிட்ஜின் திறனை மெய்ப்பிக்க வேண்டிய தேவைகூட அந்நீதிமன்றத்துக்குத் தோன்றவில்லை. ஆயினும் அத்திறன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நினைவாற்றல், கணக்கு என்ற விடைகளே வருகின்றன. மொழியியல் மாணவருக்கு அதைவிட நல்ல விடை ஒன்று உண்டு: முதல் இறக்கு.

நால்வர், இரண்டு இணைகள், ஆளுக்கு 13 சீட்டுகள். முதலில் ஏலம் நடக்கிறது. துருப்பு எது, எத்தனை பிடிகள் எடுப்பது என்பதை அது முடிவுசெய்கிறது. ஏலத்தை வென்று ஆடுபவரின் இடப்புறம் இருப்பவர் முதல் சீட்டை இறக்க வேண்டும். அதன் பிறகே ஆடுபவரின் கூட்டாளி தம் சீட்டுகளை டம்மியாக மேசையில் விரிக்கிறார். ஆகவே 52 சீட்டுகளில் அந்த ஒன்று மட்டுமே, தன் கையிலுள்ள 13 சீட்டுகளைத் தவிர வேறெதையும் காணாமல் ஆடப்படுவது. இதைக் குருட்டு ஊகம் என்பது தவறு. கண்ணுக்குத்தான் 39 சீட்டுகள் மறைந்துள்ளன, காதுக்கு அப்படியன்று.

ஏலத்தின் மொழி மிகச் சிறியது. 35 கேட்புகள், அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38 கூற்றுகள். அவ்வளவுதான் அகராதி.

ஓர் எடுத்துக்காட்டு. முதலில் இறக்க வேண்டியவரிடம் இஸ்பேட்டில் ராணி, 10, 8, 4. டைமனிலும் அதே ராணி, 10, 8, 4. ஹார்ட்டினில் மூன்று சிறியவை, கிளாவரில் இரண்டு சிறியவை. எதிரணி ‘1 நோ டிரம்ப்’ என்று தொடங்கி, நேராக ‘3 நோ டிரம்ப்’ என்று முடிக்கிறது. ‘நீண்ட இனத்தில் நான்காவது சீட்டு’ என்ற பாடநூல் விதி இங்கே இஸ்பேட் 4, டைமன் 4 இரண்டையும் சமமாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஏலமோ விடை தருகிறது. டம்மியாகப் போகிறவரிடம் நான்கு இஸ்பேட்டோ நான்கு ஹார்ட்டினோ இருந்திருந்தால், ‘2 கிளாவர்’ என்று சொல்லி, உங்களிடமும் அவ்வினங்களில் நான்கு உண்டா என்று கூட்டாளியைக் கேட்டிருப்பார். கேட்கவில்லை. எனவே இஸ்பேட் 4.

அதே கை, ஏலம் மட்டும் வேறு. ‘1 நோ டிரம்ப்’, ‘2 கிளாவர்’, ‘2 ஹார்ட்டின்’, ‘3 நோ டிரம்ப்’. கேட்டவருக்கு ஹார்ட்டின் வேண்டியிருக்கவில்லை. ஆகவே அவரிடம் இருப்பவை நான்கு இஸ்பேட். தொடங்கியவரிடமும் நான்கு இஸ்பேட் இருந்தால் ‘4 இஸ்பேட்’ என்று திருத்தியிருப்பார், பாஸ் சொல்லிவிட்டார். எஞ்சும் கணக்கில் தம் கூட்டாளிக்கு இஸ்பேட்டில் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். அந்தக் கூட்டாளியும் ‘2 கிளாவர்’ மீது டபுள் சொல்லிக் கிளாவரைக் கேட்க வாய்ப்பிருந்தும் சொல்லவில்லை. இம்முறை டைமன் 4. கல், கள் என்னும் இணையில் ஓர் ஒலி பொருளை மாற்றுவதுபோல, ஒரு கேட்பு இறக்கை மாற்றிவிட்டது.

பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றி, 1975-இல் ஒரு பகுதி அச்சேறிய உரைகளைப் படித்தவர்களுக்கு இது பழகிய வழி. ‘சிலர் தேறினர்’ என்றால் எல்லாரும் தேறவில்லை என்று கொள்கிறோம். வலிமையான கூற்று கையருகே இருந்தும் சொல்லப்படாததே சான்று. ஆனால் பிரிட்ஜ் கிரைஸைவிட ஒரு படி கடினமானது. இங்கே பொருள்கொள்பவர், பேச்சு யாருக்காக நிகழ்ந்ததோ அவரல்லர். அதை ஒட்டுக்கேட்கும் எதிராளி. அவருக்கோ விதிப்படி உரிமையும் உண்டு: அந்த இணையின் உடன்பாடுகளை அவர் கேட்டால் விளக்கியாக வேண்டும். ஒட்டுக்கேட்பவருக்கு அகராதியும் கையில் கொடுக்கும் உரையாடல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அகராதிப் பொருள் திரிவதும் உண்டு. டபுள் என்றால் ‘உங்களால் முடியாது’ என்பதே நேர்ப்பொருள். ஆனால் 12 அல்லது 13 பிடிகளுக்கான ஸ்லாம் ஏலத்தில், இறக்காதவர் சொல்லும் டபுளை, தியடோர் லைட்னர் என்ற அமெரிக்கர் வேறொன்றாக்கினார்: வழக்கமான இறக்கு வேண்டாம், எதிர்பாராததை இறக்கு. பெரும்பாலும் ஓரினம் தன்னிடம் அறவே இல்லை, அதைத் துருப்பால் வெட்டலாம் என்பதே அதன் செய்தி.

கூட்டாளி பாஸ் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமும், முகச்சுளிப்பும் செய்திதானே என்று மாணவர் கேட்கலாம். செய்திதான்; ஆனால் விதி அதைப் பயன்படுத்த அனுமதிக்காது. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் கூட்டாளிகளுக்கிடையே திரை வைக்கப்பட்டது. இத்தாலிய இணை ஒன்று மேசைக்கடியில் காலால் பேசியதாகப் புகார் எழவே, கீழேயும் தடுப்பு வைக்க நேர்ந்தது. எந்தக் குறி மொழி, எது மொழியன்று என்ற எல்லையை இவ்வளவு கறாராக வகுத்த மனிதச் செயல் அரிது.

இவ்வாறு கொண்ட பொருள் உறுதியானதன்று. எதிராளி வேண்டுமென்றே பொய்க்கேட்பு கேட்கலாம்; நல்ல வாசிப்பும் தோற்கும், மோசமான இறக்கும் வெல்லும். அதனாலேயே இறக்கை அதன் விளைவைக் கொண்டு மதிப்பிடும் பழக்கம் கெடுதலானது. கற்பிக்கும் முறையோ அதற்கு இடம் தருகிறது: முதலில் ‘நான்காவது சீட்டு’, ‘தொடர்ச்சியின் மேல் சீட்டு’ என்று பட்டியல், ஏலத்தைக் கேட்பது பிற்காலப் பாடம். வரிசை தலைகீழாக வேண்டும். புதிதாகக் கற்பவரிடம் சீட்டே தராமல் ஏலத்தை மட்டும் தந்து, எதிராளி இருவரின் கைகளையும் தாளில் எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு ஊகத்துக்கும் எந்தக் கூற்று, அல்லது எந்த மௌனம் சான்று என்று அருகில் குறிக்கச் சொல்லலாம். பயன்வழியியல் வகுப்புகளில் ஓராண்டாகக் கரும்பலகையில் எழுதப்படும் செயற்கை வாக்கியங்களுக்கு நடுவே இந்தப் பயிற்சி ஒரு பிற்பகலுக்கு இடம்பெற்றாலும் போதும். அதற்குத் தேவை 38 கூற்றுகளின் பட்டியலும் ஒரு சீட்டுக்கட்டுமே.