108-க்கு யார் 108?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து என்றால் ஓடி வருவது 108 ஆம்புலன்ஸ். நசுங்கிய காருக்குள் கையை விட்டு நாடி பிடித்துப் பார்க்கிறார் அந்த வண்டியின் மருத்துவ உதவியாளர். ஆளைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்த கையோடு, வண்டித் தரையில் உறைந்த ரத்தத்தைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தயாராக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் பக்கத்துக் குப்பங்களில் சுனாமி புகுந்தபோது, சீருடை இல்லாத மீனவர்களும் உடல்களைத் தூக்கினார்கள். அவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

இப்படிப் பார்த்ததெல்லாம் மனதில் தங்கிவிட்டால் யாரிடம் பேசுவது? 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். படைவீரர்களுக்காக 2023 டிசம்பரில் புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள். நல்ல காரியம்.

ஆனால் எண் இருந்தால் மட்டும் போதாது. நாலு பேர் படுத்திருக்கும் ஓய்வறையில், “ராத்திரி தூக்கமே வரல சார்” என்று ஒரு தீயணைப்பு வீரர் போனில் எப்படிச் சொல்வார்? சொன்னால் மறுநாள் கேலி. மேலதிகாரி காதுக்குப் போனால், ‘வேலைக்கு லாயக்கில்லை’ என்ற பெயர் வேறு. (துணிச்சலுக்குப் பதக்கம் தரும் துறைகளுக்கு இப்படி மனம் திறக்கும் துணிச்சல் கண்ணில் படுவதில்லை.)

கோரமான விபத்தைக் கையாண்டவருக்கு அன்றே ஒரு மணி நேர ஓய்வும், கதவைச் சாத்திப் பேச ஓர் அறையும் கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இதற்குப் பெரிய செலவு ஆகாது.