பெரிய டயர் போட முதல் கதவைத் திறந்து பாருங்கள்

 

போன கிழமை பழைய மாணவர் ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்: "சேர், எங்கட வீட்டு ஹைலக்ஸுக்கு 285 டயர் போடலாமோ? றிம்மையும் மாத்தினால் வடிவாய் இருக்கும் எண்டு கடையில சொல்லினம்." அவருக்குச் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். ஆனால் கொக்குவில், தாவடி, இணுவில் பக்கம் கெப் வைத்திருக்கிற பலரிடமும் இதே கேள்வி இருக்கிறது. அதனால் விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் தார் றோட்டில் ஓடுகிற கெப்புக்கு, கொம்பனி போட்டு அனுப்பிய அளவை விட உயரமான டயர் தேவையில்லை. வடிவுக்காக மாற்றத்தான் வேண்டும் என்றால் றிம்மைப் பெரிதாக்குங்கள், சில்லின் முழு உயரத்தை அப்படியே வைத்திருங்கள். பிழையான டயருக்குச் செலவழிப்பது கெப்காரர்தான். ஆனால் அதன் விலையைக் கொடுக்கப் போவது பெரும்பாலும் அவர் இல்லை, முன்னால் சைக்கிளில் போகிற பிள்ளை.

நான் மெக்கானிக் இல்லை, கணிதம் படிப்பிக்கிறவன். ஆனால் டயர் விஷயத்தில் பாதி கராஜ் வேலை என்றால் மற்றப் பாதி வெறும் கணக்கு. வட்டத்தின் பரிதி படித்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு.

ஹைலக்ஸில் பரவலாக வருகிற அளவு 265/65 ஆர் 17. இதில் 265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் 65 வீதம். அதாவது 172 மில்லிமீற்றர். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். றிம்மோடு மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் சில்லின் முழு விட்டம் 776 மில்லிமீற்றர்.

மாணவர் கேட்டது 285/70 ஆர் 17. அதே கணக்கைப் போடுங்கள். 831 மில்லிமீற்றர் வரும். 7 வீதம் பெரிது.

இந்த 7 வீதத்தால் கிடைக்கிற இலாபம் என்ன? நிலத்துக்கும் கெப்பின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி கூடும். எவ்வளவு? விட்டத்தில் கூடியதில் பாதி, 27 மில்லிமீற்றர். ஒரு அங்குலமும் கொஞ்சமும். அவ்வளவுதான்.

இனி நட்டத்தைப் பாருங்கள்.

வேகமானி சில்லின் உயரத்தை அளப்பதில்லை. சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. பழைய டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 410 தரம் சுற்றியது. புதியது 383 தரம்தான் சுற்றும். மீற்றர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 64இல் போகிறீர்கள். வாகனத்தின் மீற்றர் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் கொம்பனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்து அனுப்புகின்றன. அந்தப் பாதுகாப்பு இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது.

அடுத்தது பிரேக். பிரேக் பட்டையும் தட்டும் மாறவில்லை, சில்லு மட்டும் உயர்ந்திருக்கிறது. நீண்ட கைபிடியின் நுனியைப் பிடித்துக் கதவைத் தள்ளுகிறவனை, பிணைச்சலுக்குக் கிட்ட நின்று தடுக்கப் பார்க்கிற மாதிரித்தான் பிரேக்கின் நிலை. அதே அழுத்தத்தில் மிதித்தால் றோட்டில் கிடைக்கிற நிறுத்தும் விசை 6 வீதத்துக்கு மேல் குறையும். வேகமோ மீற்றருக்குத் தெரியாமல் 7 வீதம் கூடியிருக்கிறது. இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் நிறுத்த வேண்டிய சக்தி 14 வீதம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மீற்றரில் அதே 60, காலில் அதே அழுத்தம், ஆனால் நிற்கிற தூரம் 20 வீதத்துக்கு மேல் கூடுகிறது. முழுப் பலத்தோடு மிதித்தால் டயரின் பிடிதான் தீர்மானிக்கும் என்பது உண்மை. ஆனால் அன்றாடம் நாங்கள் பழக்கத்தில்தான் மிதிக்கிறோம். கால் பழைய டயருக்குப் பழகிய கால்.

பள்ளிக்கூடம் விடுகிற 1.30 மணிக்குக் குளப்பிட்டிச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காங்கேசன்துறை வீதியில் பஸ், ஹயஸ், பட்டா, கன்ரர், லான்ட்மாஸ்டர் எல்லாம் போகும். அதற்குள்ளே இரண்டு இரண்டு பேராகக் கதைத்துக்கொண்டு சைக்கிளில் பிள்ளைகள். அந்த இடத்தில் 20 வீதம் என்பது பரீட்சைத் தாளில் வருகிற 20 வீதம் இல்லை.

மூன்றாவது பாரம். கடைகளில் நாங்கள் ஆகக் குறைவாகக் கவனிக்கிற விஷயம் இதுதான். டயரில் அளவுக்குப் பக்கத்தில் 112எஸ் மாதிரி ஒரு குறி இருக்கும். எழுத்து வேகத்துக்கு, இலக்கம் பாரத்துக்கு. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோதான். பாவித்த டயர் வாங்குகிற இடத்தில் அகலமும் றிம்மும் பொருந்துகிறது என்று காருக்குரிய டயரைக் கெப்புக்கு ஏற்றிவிட்டால், பின் அச்சில் இரண்டு டயருக்கும் சேர்த்து 640 கிலோ தாங்கும் பலம் காணாமல் போய்விடும். வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றி மருதனார்மடம் சந்தைக்கு ஓடுகிற கெப்புக்கு இது விளையாட்டு இல்லை.

நான்காவது, றிம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பது. இதை ஓப்செட் என்பார்கள். ஏழரை அங்குல அகலமும் +30 ஓப்செட்டும் உள்ள றிம்மைக் கழற்றி, 9 அங்குலமும் பூச்சிய ஓப்செட்டும் உள்ளதைப் பூட்டினால், சில்லின் வெளி விளிம்பு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் வெளியே வரும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் மட்காட் அதை மூடாது. மாரியில் சேறும், கோடையில் கல்லும் பக்கத்தில் போகிறவரின் முகத்துக்குத்தான். வீல் பெயாரிங்கும் ஸ்டியரிங் மூட்டுகளும் தங்களுக்கு விதிக்காத பாரத்தைச் சுமக்கும். உள்ளே இடம் இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போது டயர் உரசும். பெருநகரத்து அகல றோட்டில் முழுதாக வெட்டுகிற சந்தர்ப்பம் குறைவு. கொக்குவில் ஒழுங்கைகளில் மதிலுக்கும் வேலிக்கும் நடுவே அது ஒவ்வொரு நாளும் நடக்கிற வேலை.

நட் துளை பொருந்தினால் றிம் பொருந்திவிட்டது என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ், ரேஞ்சர் எல்லாவற்றுக்கும் ஆறு நட், 139.7 மில்லிமீற்றர் வட்டம். ஆனால் நடுத்துளை வேறு வேறு. ஹைலக்ஸுக்கு 106 மில்லிமீற்றர், எல்200க்கு 67. ஹைலக்ஸ் றிம் எல்200இல் ஏறும், ஆனால் நடுவில் ஒன்றையும் தொடாமல் நிற்கும். அண்மைக்கால நவாராவுக்கும் ஆறு நட்தான். வட்டம் 114.3. அது ஏறவே ஏறாது.

"அப்படியென்றால் உலகத்தில் ஒருவரும் பெரிய டயர் போடுவதில்லையா?" என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். ஐஸ்லாந்தில் ஆர்க்டிக் ட்ரக்ஸ் என்ற நிறுவனம் ஹைலக்ஸுக்கு 38 அங்குலம், 44 அங்குல டயர்கூடப் பூட்டுகிறது. அங்கே பனியில் புதையாமல் மிதந்து போக வேண்டும். அதற்காகக் காற்றை மிகவும் குறைத்து, டயரை அகலமாகப் பரவ விட்டு ஓடுகிறார்கள். டயரை மட்டும் மாற்றிவிட்டு அவர்கள் நிறுத்துவதில்லை. மட்காட்டை வெட்டி அகலமாக்கி, டிஃபரன்ஷலின் பற்சக்கர விகிதத்தையும் மாற்றி, முழு வாகனத்தையும் அந்த டயருக்கு ஏற்றபடி செய்கிறார்கள். எங்களிடம் பனி இல்லை. மணற்காட்டு மணலில் இறங்குகிறவருக்குக்கூட முதல் வைத்தியம் காற்றைக் குறைப்பதுதான். தார் றோட்டில் ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும்.

காற்று என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2000 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரில் போட்டவை. ரேஞ்சர் கெப்பிலும் இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேற்பட்டை கழன்று வாகனங்கள் புரண்டன. அமெரிக்க அதிகாரிகளின் கணக்கில் 270 பேருக்கு மேல் இறந்தார்கள். டயர் கொம்பனியும் வாகனக் கொம்பனியும் ஆளை ஆள் குற்றம் சாட்டின. அந்தச் சண்டையில் பெரிதாகப் பேசப்பட்டது, வாகனத்துக்குச் சிபாரிசு செய்திருந்த 26 பி.எஸ்.ஐ. காற்று போதுமா என்பது. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் மடங்கும், மடங்கினால் சூடாகும், சூட்டில் பட்டை கழரும். எங்கள் சித்திரை வெயிலில் பாரத்தோடு ஓடுகிற கெப்புக்கு இந்தப் பாடம் இன்னும் பொருந்தும்.

இன்னொரு நியாயமும் சொல்கிறார்கள். "எங்கட மெக்கானிக்மார் எதையும் எதிலும் பூட்டி ஓட்டுவினம்." உண்மை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கைத்திறமைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அன்று பொருந்தாததைப் பொருத்தியது வேறு வழி இல்லாமல். சரியான அளவு கடையில் கிடைக்கும்போது பொருந்தாததைத் தேடிப் பூட்டுவதை அந்தத் திறமையோடு சேர்க்க முடியாது.

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் எங்கள் றோட்டில் ஓடுகிற கெப்புகளில் பல வயது போனவை. பெயாரிங்கும் சொக்கும் பிரேக் குழாயும் ஏற்கனவே களைத்திருக்கின்றன. களைத்த உடம்பில் பெரிய சில்லை ஏற்றுகிற காசுக்கு அந்த உறுப்புகளை மாற்றினால் வாகனம் இன்னும் பத்து வருடம் உழைக்கும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அதற்காக வாதாடினோம். அப்போது நான் வாசித்த பதிவுகளில் டயரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாகனத்தில் நிலத்தைத் தொடுகிற ஒரே உறுப்பு அதுதான்.

வடிவை விரும்புவது குற்றமில்லை. அதற்கும் வழி இருக்கிறது. 18 அங்குல றிம்மில் 265/60 போடுங்கள். முழு விட்டம் 775 மில்லிமீற்றர். 17 அங்குலத்தில் இருந்த உயரமேதான். டொயோட்டாவே ஹைலக்ஸுக்கு இந்த இரண்டு அளவையும் கொடுக்கிறது. மீற்றரும் பிரேக்கும் குழம்பாது. பக்கச்சுவர் 13 மில்லிமீற்றர் குறைவதால் குழிகளில் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும், அவ்வளவுதான். வன்னிக்குள் கிரவல் பாதையில் அடிக்கடி வேலை உள்ளவர் 17 அங்குலத்திலேயே 265/70 வரை போய்ப் பார்க்கலாம். அது 3 வீதத்துக்குச் சற்று மேல். அதுதான் என் எல்லைக்கோடு. அதற்கும் முதலில் ஒரு டயரைப் பூட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி, பின்னால் நாலு பேரை ஏற்றி, உரசுகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். ஸ்பேர் சில்லையும் கணக்கில் சேருங்கள். நாலு சில்லு ஒரு உயரம், ஸ்பேர் வேறு உயரம் என்றால், ஃபோர் வீலில் போட்டுத் தார் றோட்டில் ஓடும்போது கியர்ப்பெட்டிக்கு ஆபத்து.

கடைக்குப் போக முதல் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். தூணில் சிறிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். உங்கள் கெப்புக்கு உரிய டயர் அளவும் காற்றின் அளவும் அதில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் அளவு, பார இலக்கம், ஓப்செட், டயரின் வயது ஆகிய நான்கையும் கேளுங்கள். வயது டயரின் பக்கத்திலேயே நாலு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல் "வடிவாய் இருக்கும்" என்று மட்டும் சொல்கிற இடத்தில் வாங்காதீர்கள்.

கழற்றிய பழைய டயரை வளவு மூலையில் எறியவும் வேண்டாம். மாரி தொடங்கினால் அதற்குள் தேங்குகிற தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கணக்குப் பார்க்கச் சிரமம் என்றால் ஸ்டிக்கரின் படத்தையும் போட நினைக்கிற அளவையும் எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்குப் பரிதி படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வகுப்பில் சேர்ந்தே கணக்குப் போட்டுப் பதில் அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.