முருங்கை இலையும் மெத்தனாலும்

பாட்டிலில் 'மூலிகை எக்ஸ்ட்ராக்ட்'னு ஒட்டிட்டா அது இயற்கை ஆயிடுமா மக்களே?

முருங்கை இலையில் குவர்செடின், குளோரோஜெனிக் அமிலம்னு ஆன்டிஆக்ஸிடன்ட்கள் இருக்கு. அதைப் பிரிக்க ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி பயன்படுவது மெத்தனால். 2024ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான்! 'கடைசியில் ஆவியாக்கி எடுத்துடுவோமே' என்பார்கள். சரி, எடுத்ததை எங்கே கொட்டுவார்கள்?

குன்னத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் நல்லாவே புரியும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குட்டையாச்சு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. லாபம் பட்டறைக்கு, நஷ்டம் ஆற்றோர விவசாயிக்கு!

மாற்று வழி இல்லையா? இருக்கு. தண்ணீரும் எத்தனாலும் கலந்த கலவையிலேயே இந்தச் சத்துக்கள் நன்றாக இறங்கும். எத்தனால் விகிதம், சூடு, நேரம் மூன்றையும் சேர்த்து மாற்றிப் பார்த்துச் சரியான அளவைக் கண்டுபிடிக்கும் முறையை 1951லேயே பாக்ஸ், வில்சன் என்ற இருவர் கொடுத்துட்டாங்க.

ஆனா 'அதிக சத்து கிடைத்தது' என்பதோடு நிறுத்தினால் அது பாதிக் கணக்கு. எவ்வளவு கரண்ட் செலவாச்சு, எத்தனாலில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது, சக்கை எங்கே போச்சு... இதெல்லாம் பற்றுப் பக்கத்தில் ஏறணும். ஏறாத வரைக்கும் 'பசுமை' என்பது வெறும் லேபிள்தான். எழுதாத செலவுக்கு என்ன விலைன்னு நொய்யலைக் கேளுங்க.