24 வாரம் தாண்டினால் கருக்கலைப்பு முடியவே முடியாதா? சட்டம் சொல்வது என்ன, சிக்கல் எங்கே?

2023 அக்டோபர் 9. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண்ணின் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மறுநாளே டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சிசு உயிரோடு பிறக்க வாய்ப்பிருக்கிறது, இதயத்துடிப்பை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டுமா என்று அவர் விளக்கம் கேட்டார்.

11-ம் தேதி, அனுமதி கொடுத்த அதே இரண்டு நீதிபதிகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். எந்த நீதிமன்றம் இதயத்துடிப்பை நிறுத்தச் சொல்லும் என்று கேட்டார் ஹிமா கோலி. முடிவு அந்தப் பெண்ணுடையது, அதை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. வழக்கு தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வுக்குப் போனது. 16-ம் தேதி அனுமதி மறுக்கப்பட்டது. அப்போது கர்ப்பம் 26 வாரத்தைத் தாண்டியிருந்தது.

ஒரே வாரத்தில் ஏன் இத்தனை திருப்பம்?

இந்தியாவில் கருக்கலைப்பு ஒரு உரிமையாக சட்டத்தில் எழுதப்படவில்லை. பலரும் கவனிக்காத விஷயம் இது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவுப்படி கருவைக் கலைப்பது இன்றைக்கும் குற்றம்தான், தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. 1971-ல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 'இந்த நிபந்தனைகளுக்குள் செய்தால் குற்றமில்லை' என்று விலக்கு மட்டுமே கொடுக்கிறது. அதனால்தான் 'வேண்டாம்' என்று பெண் சொன்னால் போதாது, மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் எல்லோருக்கும் கிடையாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. 24 வாரத்துக்கு மேல் என்றால், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலை வந்தால் மட்டும் வார வரம்பே கிடையாது.

2021 வரை எல்லோருக்கும் 20 வாரம்தான் எல்லை. சிசுவின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பதே 18-லிருந்து 20 வாரத்தில்தான்! குறை தெரிய வரும்போது கெடு முடிந்திருக்கும். 2008-ல் சிசுவின் இதயக் கோளாறு தெரிந்து பம்பாய் உயர் நீதிமன்றம் போன தம்பதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. வரம்பை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அதற்குப் பிறகுதான்.

கல்யாணம் ஆகாதவர்கள் நிலை?

2022-ல் உறவு முறிந்துபோன 25 வயதுப் பெண்ணுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பட்டியலில் 'திருமணம் ஆகாதவர்' என்று இல்லை என்பதே காரணம். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 29-ல் வந்த தீர்ப்பு, திருமணத்தை வைத்துப் பெண்களைப் பிரிக்கக் கூடாது என்றது. கணவர் செய்யும் வன்புணர்வும் இந்தச் சட்டத்தின் தேவைக்கு வன்புணர்வுதான் என்றும் சொன்னது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை. இது தெரியாமல், அல்லது வம்பு எதற்கு என்று, அதைக் கேட்டு வாங்கும் ஆஸ்பத்திரிகள் இன்னமும் இருக்கின்றன.

ஆனால் காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. 2024-ல் மகாராஷ்டிராவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கில், போலீஸ் புகார் பதிவானபோதே 24 வாரம் கடந்துவிட்டது. முதலில் சாதகமாகச் சொன்ன மருத்துவக் குழு, சிசுவுக்குக் குறைபாடு இல்லை என்று பிறகு கருத்தை மாற்றிக்கொண்டது. ஏப்ரல் 4-ல் உயர் நீதிமன்றம் மறுத்தது, 22-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதற்குள் கிட்டத்தட்ட 30 வாரம். சிறுமியின் உடல்நிலையை நினைத்துப் பெற்றோர் பயந்ததால், 29-ம் தேதி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சிசுவை மட்டும் பார்த்தால் போதாது, பெண்ணின் உடல், மன நிலையையும் குழு மதிப்பிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது.

பிறக்கப்போகும் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வெளியே பிழைக்கக்கூடிய நிலையை சிசு எட்டிய பிறகு மருத்துவர்களுக்கே கை தயங்குகிறது, எய்ம்ஸ் மின்னஞ்சல் காட்டியது அதைத்தான். ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடுவது பல நேரம் பெண்ணின் தாமதம் அல்ல. குழுவின் அறிக்கை, மனு, மேல்முறையீடு என்று கழியும் நாட்கள். மருத்துவக் குழு மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. நீதிமன்றத்துக்கு அப்படி எந்தக் கெடுவும் இந்தச் சட்டத்தில் இல்லை.