பாட்டி ஏன் பேசவில்லை?

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? மேல் வரிசை முன்பற்களை உதட்டால் நன்றாக மூடிக்கொள்ளுங்கள். இப்போது, 'வணக்கம் நேயர்களே, வாருங்கள், தமிழோடு நேரம் செலவிடுவோம்' என்று சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் சிரித்துவிடுவார்கள். 'வ' சரியாக வராது. 'த'வும் 'ந'வும் எங்கோ வழுக்கிக்கொண்டு போகும்.

வானொலிக்காரர்களான எங்களுக்கு இது பாலபாடம். குரல் தொண்டையில் பிறந்தாலும் சொல் வாயில்தான் பிறக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதை எப்போதோ விளக்கிவிட்டது. நாக்கு நுனி பரந்து மேல்பல்லின் அடியைத் தொடும்போது 'த'வும் 'ந'வும் பிறக்கின்றன. பல்லும் உதடும் சேரும்போது 'வ' பிறக்கிறது. ஆக, பல் போனால் சோறு மட்டும் சிரமமில்லை, தமிழும் சிரமம்.

நேயர்களோடு பேசிப் பேசி என் காதுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அழைப்பவர் பல் செட் போட்டிருக்கிறாரா, கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறாரா என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்படித்தான் போன வருடம் தீபாவளி முடிந்த வாரத்தில், டத்தோ கெராமட் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் பாட்டியின் குரலில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது.

வழக்கமாகப் பாட்டி போனை எடுத்தால் அரை மணி நேரம் ஓடும். அன்று, "சாப்பிட்டியாம்மா? சரி, வைக்கிறேன்" என்று முடித்துவிட்டார். 'வைக்கிறேன்' என்ற சொல்லில் 'வ' இல்லை. மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வீட்டுக் கல்யாண விருந்துக்கு வரவில்லை, தலைவலி என்றார். எழுபத்தெட்டு வயதில் கல்யாண வீட்டை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை என் பாட்டி.

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போனேன். சமையலறையில் சோற்றைக் கஞ்சியாகக் கரைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பல் எங்கே பாட்டி?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பழைய மைலோ டின்னைக் காட்டினார். உள்ளே, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, இரண்டு துண்டாக மேல் பல் செட்.

ஒன்பது நாளுக்கு முன்னால் கழுவும்போது கைதவறிச் சிங்க்கில் விழுந்திருக்கிறது. சித்தப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சித்தப்பா வீட்டில் எது உடைந்தாலும் ஒட்டுகிறவர். சூப்பர் குளூ போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் போட்டதும் அண்ணத்தில் புண். மூன்றாம் நாள் திரும்பவும் பிட்டுக்கொண்டது. "புதுசு கட்டினா எவ்வளவு ஆகும்? எனக்கு எதுக்கும்மா இன்னமே" என்றார் பாட்டி. அந்த 'எனக்கு எதுக்கு' என்ற பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை.

பல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் அந்த இரண்டு துண்டையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடைந்த அன்றே அப்படியே கொண்டு வந்திருந்தால் ஒட்டிக் கொடுத்திருப்போம். இப்போது இந்த விளிம்பு இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை" என்றார். பாட்டிக்குப் புதிய செட்தான். அளவு எடுத்து, மெழுகில் மாதிரி செய்து, போட்டுப் பார்த்துத் திருத்தி, கையில் வரச் சில வாரம் ஆனது.

பசை ஏன் கூடாது?

பல் செட்டின் இளஞ்சிவப்பு அடிப்பாகம் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகை. சுத்தமாக இரண்டாக உடைந்தால் அந்த விளிம்புகள் புதிர்த் துண்டுகளைப் போல அச்சாகப் பொருந்தும். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் முதலில் துண்டுகளை மெழுகால் இறுகச் சேர்ப்பார். அடியில் மாவுக்கல் ஊற்றி வாயின் அச்சை எடுப்பார். பிறகு உடைந்த இடத்தைக் கொஞ்சம் ராவி, புதிய அக்ரிலிக்கை நிரப்பி, வெந்நீரில் அழுத்தத்தில் இறுகவைத்து மெருகேற்றுவார். எளிய உடைப்பென்றால் பல இடங்களில் ஒன்றிரண்டு நாளில் முடிகிற வேலை.

இத்தனையும் அந்த விளிம்பை நம்பித்தான் நடக்கிறது. வீட்டுப் பசை அதன் மேல் கெட்டியாகப் படிந்துவிட்டால் துண்டுகள் மயிரிழை தள்ளி உட்காரும். வாய்க்குள் மயிரிழை என்பது பெரிய தூரம். கடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், ஈறு புண்ணாகும். அந்தப் பசை வாய்க்குள் வைப்பதற்காகச் செய்ததும் அல்ல. சூட்டிலும் எச்சிலிலும் நாளாக ஆக அது விட்டுக்கொடுக்கும். எப்போது விடும் என்று சொல்ல முடியாது. சாப்பிடும்போது விட்டால் துண்டு தொண்டைக்குள் போகலாம்.

இது மிகையான பயமில்லை. இங்கிலாந்தில் 72 வயது மனிதர் ஒருவருக்கு வயிற்றில் சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. பல் செட்டைக் கழற்றாமலே மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். வலி, இருமினால் இரத்தம், விழுங்க முடியாத நிலை என்று அவர் திரும்பி வந்தபோது முதலில் தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். எட்டு நாள் கழித்துத்தான் அவருடைய பல் செட் குரல்நாண்களுக்குக் குறுக்கே கிடப்பது தெரிந்தது. 2019 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் நோயாளர் குறிப்பில் வெளிவந்த செய்தி இது. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே துண்டு ஏதாவது காணவில்லை என்றால், விழுங்கியிருக்கலாம் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சு திணறினால் 999தான், யோசனையே வேண்டாம்.

ரப்பரில் செய்த பல்

என் பாட்டி கெடாவில் பால் மரம் சீவியவர். அவருக்கு ஒரு கதை சொன்னேன், அதைக் கேட்டுத்தான் கொஞ்சம் சிரித்தார். அக்ரிலிக் வந்தது 1930களில். அதற்கு முன்பு பல் செட்டின் அடிப்பாகத்தை ரப்பரில் செய்தார்கள். ரப்பர்ப் பாலோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கல்போல இறுக்கிய கடின ரப்பர் அது. மலாயா உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த காலத்திலும் அதுதான் புழக்கத்தில் இருந்தது. விடியுமுன்னே தோட்டத்தில் நம் முன்னோர் சீவிய பாலில் ஏதோ ஒரு சொட்டு, எங்கோ ஒரு துரையின் வாயில் பல்லைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். "சீவினவளுக்குப் பல்லில்ல, துரைக்கு இருந்துச்சு" என்றார் பாட்டி.

ஜார்ஜ் டவுனுக்கும் பல்லுக்கும் பழைய உறவு உண்டு. சீனாவின் ஹூபெய் மாநிலத்துத் தியான்மென் பகுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களில் பலர் பல் கட்டுவதையே குலத்தொழில்போலச் செய்தார்கள். தந்தையிடம் மகன் கற்ற வேலை. 1948 ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் அனுபவத்தில் தொழில் செய்துவந்தவர்களுக்கும் தனிப் பிரிவில் பதிவு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1949 இல், பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி இதே பினாங்கில் தொடங்கியது. நியூசிலாந்து 1921 இல் தொடங்கிய முறையைப் பார்த்துச் செய்தது. பள்ளிக்கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்ன 'மிஸ்ஸி'யை நம்மில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். அந்த ஏற்பாடு வருவதற்கு முன் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, பல் வலித்தால் பிடுங்குவது ஒன்றுதான் வைத்தியம். இன்று பல் செட்டோடு இருப்பவர்களில் பலர் அவர்கள்தான். பல் போனதற்கு அவர்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அந்தப் பழைய கைத்தொழிலைக் காட்டி இன்று சிலர் ஏமாற்றுகிறார்கள். 'வீட்டுக்கே வந்து பல் கட்டித் தருகிறோம், பாதி விலை' என்று கைப்பேசியில் விளம்பரம் வரும். இப்போது நடப்பில் இருப்பது 2018 ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம், 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. நோயாளியின் வாயில் வேலை செய்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரை மன்றத்தின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவில்லாமல் தனியார் கிளினிக் நடத்துகிற தனிநபருக்கு, 1998 ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டப்படி 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017 இல் மலாக்காவில், உரிமம் இல்லாமல் பல்லுக்குக் கம்பி மாட்டிய 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 70,000 ரிங்கிட். மலிவென்று போனால் புண்படப்போவது நம் வீட்டுப் பெரியவரின் வாய்தான்.

உடைந்தால் என்ன செய்வது?

எல்லாத் துண்டுகளையும், கழன்ற ஒற்றைப் பல்லையும்கூட, பொறுக்கிச் சுத்தமான டப்பாவில் போடுங்கள். ஒட்டாதீர்கள், ராவாதீர்கள், விரிசல் விட்டதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்து, பழுது பார்ப்பார்களா, எத்தனை நாள், எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். பணம் கவலை என்றால் அரசாங்கப் பல் கிளினிக்கை முதலில் கேளுங்கள். கட்டணம் தனியாரைவிடக் குறைவு, ஆனால் புதிய செட்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

கீழே விழாமலே நடுவில் பிளந்துகொண்டால் அதற்கும் காரணம் இருக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் கரைந்து தாழ்ந்துகொண்டே போகிறது. செட் மட்டும் அதே அளவில் இருக்கிறது. அடியில் இடைவெளி விழுந்து, ஒவ்வொரு கடிக்கும் செட் வளைந்து வளைந்து ஒருநாள் பிளக்கும். இதை ஒட்டினாலும் மறுபடி அங்கேயே போகும். அடிப்பாகத்தைப் புதுப்பிக்க வேண்டுமா, செட்டையே மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஆடுகிறது, வலிக்கிறது என்றால் உடையும்வரை காத்திருக்க வேண்டாம்.

உடையாமல் காப்பது எளிது. கழுவும்போது சிங்க்கில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், அல்லது மடித்த துண்டை விரித்துவிடுங்கள். கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். அறுவை சிகிச்சை என்றால், பல் செட் போட்டிருப்பதை மருத்துவமனையில் முதலிலேயே சொல்லுங்கள்.

இதெல்லாம் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் செய்துவிடுவார்கள். அவர்களால் தனியாகச் செய்ய முடியாதது ஒன்றுதான்: உடைந்ததை வாய்விட்டுச் சொல்வது. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் பொக்கை வாயைப் பார்த்துவிடக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு காரணம் சேர்ந்துகொள்ளும். கார் டயருக்கும் கைப்பேசித் திரைக்கும் மறுநாளே கடைக்கு ஓடுகிற வீட்டில், பாட்டியின் பல் செட் மைலோ டின்னில் ஒன்பது நாள் கிடக்கிறது. எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

உங்கள் வீட்டுத் தாத்தா திடீரென்று கோயிலுக்கு வர மறுக்கிறாரா? அத்தை எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிடுகிறாரா? போனில் எப்போதும் பேசுகிறவர் இரண்டே சொல்லில் வைத்துவிடுகிறாரா? வயதாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "பல் சரியா இருக்கா? கடிக்க முடியுதா?" என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சை அவர்கள் எடுக்குமுன் நீங்களே எடுத்து முடித்துவிடுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.