மூலச் சான்றும் வரலாற்றுக் கல்வியும்

வரலாறு என்பது நடந்தவற்றின் தொகுப்பு மட்டும் அன்று. நடந்தவற்றைச் சான்று கொண்டு ஆராய்ந்து தெளியும் கலையும் ஆகும். அவ்வாராய்ச்சியின் முடிவைப் பாடநூல் சுருக்கித் தருகின்றது. முடிவை மட்டும் மனப்பாடம் செய்து, அது பெறப்பட்ட வழியை அறியாத மாணவர், கணக்கின் விடையை அறிந்து செய்முறையை அறியாதவரை ஒப்பர். ஆதலின், வரலாற்று வகுப்பில் பாடநூலோடு மூலச் சான்றுகளும் இடம்பெறுதல் வேண்டும். ஒரு காலத்தில் வாழ்ந்தோர் விட்டுச் சென்ற கல்வெட்டு, செப்பேடு, காசு, கடிதம், அரசாணை, புழங்குபொருள் முதலியன மூலச் சான்றுகள் எனப்படும்.

இவை எங்கோ தொலைவில் உள்ளன என்று எண்ணுதல் தவறு. கோயம்புத்தூர் நகரின் காந்திபுரத்தை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் பல்லாயிரவர் பேருந்து ஏறி இறங்கும் அப்பகுதியின் அருகிலேயே மத்தியச் சிறைச்சாலை எழுப்பப்பட்டது. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை அச்சிறையில் அடைபட்டிருந்தார். அங்கு அவர் செக்கிழுத்த செய்தியை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயின், அதனை அறிவிக்கும் சான்றுகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்த மாணவர் சிலரே.

அச்சான்றுகள் மூன்று வகையின. அவர் இழுத்த செக்கு நினைவுச் சின்னமாகப் போற்றப்பட்டு வருகின்றது. அவர் தம் வரலாற்றைத் தாமே செய்யுளில் பாடியுள்ளார். அவரைத் தண்டித்த 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பும் உண்டு. செக்கு, உழைப்பின் கடுமையைக் காட்டும். இழுத்தவர் உள்ளத்தைக் காட்டாது. செய்யுள், உள்ளத்தைக் காட்டும். எனினும் அது ஒருவர் தம் நினைவிலிருந்து கூறிய கூற்று. தீர்ப்போ ஆட்சியாளரின் நோக்கைக் காட்டும். நாட்டுத்தொண்டு என்று நாம் போற்றும் செயலை அது அரச நிந்தனை என்று குறிக்கும். ஒரே செயல் இருவர் வாயில் இரு பெயர் பெறுவதை மாணவர் நேரிற் காண்பாராயின், 'இதனை எழுதியவர் யார்? எதன்பொருட்டு எழுதினார்?' என்னும் வினாக்கள் அவர்பால் தாமே எழும். அவ்வினாக்களே வரலாற்றறிவின் தொடக்கம்.

தொன்மையான சான்றுகளுக்கும் இது பொருந்தும். கொங்கு நாட்டுக் கம்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டமுடைய மன்னர் ஒருவர் வழங்கிய ஆணை, கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை ஒத்த ஆணை, நொய்யலாற்றங்கரைப் பேரூரிலும் உண்டு. கம்மாளர் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம்; பேரிகை முழக்கலாம்; வெளியே செல்லுங்கால் காலணி அணியலாம்; தம் வீடுகளுக்குச் சாந்து பூசலாம் என்பது ஆணையின் கருத்து.

மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இது மன்னரின் கொடைத்திறமாகத் தோன்றும். ஊன்றிப் படிப்பவரோ, காலணி அணியவும் சுவருக்குச் சாந்து பூசவும் அரசாணை வேண்டியிருந்தது ஏன் என்று வினவுவர். கோயிலுக்குத் திருமேனியும், உழவருக்குக் கொழுவும், மகளிர்க்கு அணிகலனும் ஆக்கித் தந்த கைவினைஞர், அவ்வாணைக்குமுன் இவ்வுரிமைகள் இன்றி வாழ்ந்தனர் என்பதை அக்கல் சொல்லாமற் சொல்கின்றது. ஆணையை வேண்டிப் பெற்றவர் எவர்? ஊரார் அதற்கு உடன்பட்டனரா? இவற்றிற்கு அக்கல் விடை தரவில்லை. சான்று கூறுவதைக் கொள்வதோடு, கூறாததைக் கற்பனையால் நிரப்பாமல் நிற்பதும் கற்றவர் கடமையாகும்.

பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது என்று சிலர் கூறுவர். பழைய எழுத்துகளை மாணவர் படித்தல் அரிது என்பாரும் உளர். இரண்டும் ஓரளவு உண்மையே. எனினும், கல்வெட்டுகளின் வாசகங்களைத் தொல்லியல் துறையினர் படித்து அச்சிட்டுள்ளனர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகள் 1890 முதல் வெளிவரலாயின. மேற்கூறிய கரூர் ஆணையும் அவற்றுள் இடம்பெற்றுள்ளது. நூறு சான்றுகளை விரைந்து புரட்டுதல் வேண்டா. ஒரு பருவத்திற்கு ஒரு சான்றை முழுமையாகப் படித்தாலே போதும். ஆசிரியர் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறி, முடிவைத் தாம் கூறாது, மாணவரையே வினவச் செய்தல் நன்று.

இதனால் விளையும் மற்றொரு பயனும் உண்டு. திருப்பணி என்னும் பெயரால் சில இடங்களிற் கல்வெட்டுகள் சுண்ணாம்பால் மறைக்கப்பட்டன. சில, மணல் வீச்சால் தேய்ந்து அழிந்தன. அவற்றின் பொருள் அறியாமையே அதற்குக் காரணம். படிக்கத் தெரிந்தவர்க்கே ஒரு கல்லின் அருமை விளங்கும். பாடநூல் பழுதுபட்டால் மீண்டும் அச்சிடலாம். படியெடுக்கப்படாத கல்வெட்டு அழிந்தால் அதன் செய்தியை மீட்க இயலாது. ஆதலின், தம் ஊர்ச் சான்றுகளைத் தேடிப் படித்தலும் காத்தலும் மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணிகளாகும்.